கல்லறை நிலம் வாங்கியவரிடம் நாம் கேட்காத கேள்வி

ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகளிலும் வேலைசெய்யும் தமிழ்த் தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் தனிப்பட்ட பராமரிப்புப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான சக பணியாளர்களே,

நம்மிடம் வருகிற நோயாளிகளில் சீனமொழி பேசுவோர் எவ்வளவு பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மார்க்கம் நகரத்துச் சனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சீனர். ஷிஃப்ட் மாறுகிற நேரம் அவர்களைப்பற்றி நாம் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு: "சைனீஸ் ஆக்கள் சாவைப்பற்றி வாயே திறக்கமாட்டினம்." அதைச் சொல்லிவிட்டு, கடைசிக்காலச் சிகிச்சைபற்றி இன்னும் கதைக்கவில்லை என்று கோப்பில் குறித்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அந்த வசனத்தை இனி விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அது உண்மையில்லை. நமக்கு வசதியாக இருப்பதால் நாம் நம்புகிற கதை.

நீங்கள் பராமரிக்கிற சீன முதியவர்களில் பலர் தங்களுக்கான கல்லறை நிலத்தை எப்போதோ வாங்கிவிட்டார்கள். கல் எந்தத் திசையைப் பார்க்கவேண்டும், மனைவிக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தெற்குச் சீனக் கிராமங்களில் உயிரோடு இருக்கும்போதே சவப்பெட்டி செய்து வீட்டில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். கடைசியில் உடுத்துகிற உடுப்பை முன்கூட்டியே தைத்துவைத்தால் ஆயுள் கூடும் என்றும் நம்பினார்கள். ஏப்ரல் 4 அல்லது 5ஆம் திகதி வருகிற சிங்மிங் நாளில் ஸ்காபரோ, ரிச்மண்ட் ஹில் மயானங்கள் பக்கம் போய்ப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் கல்லைத் துடைப்பார்கள். வாட்டிய பன்றியிறைச்சியும் தோடம்பழமும் படைத்து மூன்றுதரம் தலைகுனிவார்கள். பிறகு படைத்ததைப் பகிர்ந்து சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பாட்டி தனக்கு வாங்கிவைத்த இடத்தையும் கையோடு காட்டிவிடுவார்.

ஆகவே சாவுக்குப் பிறகு நடக்கவேண்டியது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒழுங்கில்லாமல் கிடப்பது அதற்கு முந்திய சில வாரங்கள்: கட்டில், மூக்குக் குழாய், வென்ரிலேற்றர், இரவு இரண்டு மணிக்கு "சி.பி.ஆர். செய்யவா?" என்று வருகிற தொலைபேசி. அதைப்பற்றி அவர்கள் கதைக்காததற்கு எல்லாப் பழியையும் பண்பாட்டின்மேல் போடாதீர்கள். அவர்களுடைய பெற்றோருக்கு இந்தக் கட்டில் இருக்கவில்லை. எழுபது வருடத்துக்கு முன் குவாங்டொங் கிராமமொன்றில் மூச்சடங்கிய தகப்பனுக்காக எந்த மகனும் வென்ரிலேற்றரைக் கழற்றச் சொல்லவேண்டி வரவில்லை. பார்த்துப் பழக ஒரு முன்மாதிரியும் இல்லாத இடத்தில்தான் இவர்கள் நிற்கிறார்கள். சொல்லித்தரவேண்டியது அதைத்தான்.

நாம் நடத்துகிற வகுப்புகளோ வேறு எதையோ சொல்லித்தருகின்றன. ஆங்கிலத்தில் எழுதிய ஸ்லைடைச் சீனத்தில் மாற்றிப் போடுகிறோம். எதிரே இருப்பவர்களில் ஹொங்கொங்கிலிருந்து வந்து பழைய எழுத்துமுறையில் வாசிப்பவரும் சீனப் பெருநிலத்திலிருந்து வந்து எளிமையாக்கிய எழுத்தில் வாசிப்பவரும் இருப்பார்கள். வியட்நாமில் பிறந்த சீனரும், தொய்சான் பேச்சு மட்டுமே தெரிந்த, பள்ளிக்கூடம் அதிகம் காணாத கிழவியும் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே காகிதம், அதில் முதல் கேள்வி: "நீங்கள் எந்தச் சிகிச்சையை விரும்புகிறீர்கள்?" மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். 'கலந்துகொண்டோர்' என்ற நிரலில் நாம் ஒரு எண்ணை எழுதுவோம். அது படிப்பித்ததாகாது.

ஒன்ராறியோவின் சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இதில் நம்மில் பலருக்கே தெளிவில்லை. 1996ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டப்படி, விளங்கி முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை முடிவு நோயாளியுடையது. திறன் போனபின் அவருக்காக யார் பேசுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த அபூர்வ சந்தர்ப்பத்தை விட்டுவிட்டால், பவர் ஒஃப் அற்றோர்ணி என்ற அதிகாரப் பத்திரத்தில் பெயருள்ளவர் முதலில். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கணவன் அல்லது மனைவி. அவரும் இல்லையென்றால் பிள்ளைகள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே படியில் நிற்பவர்கள். மூத்த மகனுக்கென்று சட்டத்தில் தனி இடம் கிடையாது. "மூத்தவன் பார்த்துக்கொள்வான்" என்று தகப்பன் நம்பியிருப்பார். அவரைக் குளிப்பாட்டி வாயில் கஞ்சி வைப்பவள் இளைய மகளாக இருப்பாள். வன்கூவரில் இருக்கும் அண்ணனும் ஷாங்காயில் இருக்கும் அக்காவும் தொலைபேசியில் நேரத்துக்குக் கிடைத்தால் இவளுக்குச் சமம். சமமானவர்கள் இணங்காவிட்டால் முடிவு அரசாங்கத்தின் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். அம்மாவைக் கண்டே இராத அரச ஊழியர் ஒருவர் அம்மாவின் மூச்சைப்பற்றி முடிவெடுப்பார். வகுப்பில் இந்த ஒன்றைச் சொல்லுங்கள், தூங்கி வழிகிறவரும் நிமிர்ந்து உட்காருவார்.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு ஒன்றும் இருக்கிறது. விருப்பத்தை எழுத்தில்தான் தரவேண்டும் என்று அது கேட்கவில்லை. திறனோடு இருந்த காலத்தில் வாயால் சொன்னாலும் செல்லும். பிந்திச் சொன்னது முந்தி எழுதியதை வெல்லும். சமையலறையில் இஞ்சி வெட்டிக்கொண்டே "எனக்கு அந்தக் குழாய் வேண்டாம்" என்று கன்ரனீஸில் சொன்ன தாயின் சொல்லுக்கும் இடமுண்டு, பேத்தி எடுத்து வீசாட்டில் வைத்திருக்கும் காணொளிக்கும் இடமுண்டு. முடிவெடுக்கப்போகிறவர் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர். காகிதத்தைக் கண்டு பின்வாங்குகிற முதியவரிடம் இதைச் சொல்லாமல் விட்டால் அது நம் குற்றம்.

பத்திரம் எழுத முன்வருகிறவர்களும் ஓரிடத்தில் தடக்கி நிற்பார்கள். உடம்புக்கான பவர் ஒஃப் அற்றோர்ணிக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கணவனோ மனைவியோ பிள்ளையோ சாட்சியாக இருக்கமுடியாது, பொறுப்பேற்பவரும் இருக்கமுடியாது. பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பிறத்தியாரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வற்புறுத்தி எழுதி வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி என்று முதலிலேயே சொல்லுங்கள். சொத்துக்கான பத்திரம் வேறு, இது வேறு, இதில் கையெழுத்திட்டால் வீடு கைமாறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதையும்.

இன்னொரு பயம் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: கையெழுத்துப் போட்டால் கைவிட்டுவிடுவார்கள் என்பது. 2003இல் சார்ஸ் வந்தபோது இதே ஸ்காபரோவில் வைத்தியசாலைக் கதவுகள் பூட்டப்பட்டதையும் சீனக் கடைகள் வெறிச்சோடியதையும் பார்த்தவர்கள் இவர்கள். கனடாவில் அந்த நோயால் 44 பேர் இறந்தார்கள். நம்பிக்கை தானாக வராது. 2013இல் ரசூலி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒன்ராறியோவில் உயிர்காக்கும் கருவியை நிறுத்துவதற்கும் சம்மதம் வேண்டும், வைத்தியர் தன்னிச்சையாகச் செய்யமுடியாது. கனடா வந்த ஒரு ஈரானியக் குடும்பம் போராடிப் பெற்ற தீர்ப்பு அது. அதைச் சொல்லிக்காட்டலாம்.

இனி ஒரு கதை. சீனமொழி வாசிக்கிற வீடுகளில் சியுங் யாவ் பெயர் தெரியாதவர் குறைவு. தைவானின் காதல் நாவலாசிரியை. 1998இல் சீனமொழி உலகையே கட்டிப்போட்ட 'ஹுவான்ஜு கெகெ' தொலைக்காட்சித் தொடருக்குக் கதை அவருடையது. 2017 மார்ச்சில் அவர் தன் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு கடிதம் எழுதி, எல்லாரும் வாசிக்கும்படி முகநூலில் போட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம், மூக்குக் குழாய் வேண்டாம், மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்புகிற வேலை வேண்டாம் என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வீட்டுத் துயரம் இருந்தது. கணவர் பிங் சின்-தாவ், கிரௌன் பதிப்பகத்தை நிறுவியவர். மறதிநோயோடு இருந்தவருக்குப் பக்கவாதமும் வந்தது. கடைசிக் காலத்தில் தன்னை வலிந்து இழுத்துப் பிடித்துவைக்கவேண்டாம் என்று அவர் முன்னமே பிள்ளைகளுக்கு எழுதியிருந்தார். சியுங் யாவ் அந்தக் கடிதத்தை வைத்து, மூக்குக் குழாய் போடுவது அவர் விருப்பத்துக்கு மாறு என்றார். கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகள், அப்பா இன்னும் சாகும் தறுவாயில் இல்லை, அந்தக் கடிதம் இந்த நிலைமைக்கானதல்ல என்றார்கள். குழாய் போடப்பட்டது. சண்டை பத்திரிகைகளுக்கு வந்தது. 2019 மே மாதம் பிங் காலமானார், வயது 92.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. கடிதம் இருந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எழுதுவதும் அச்சிடுவதுமே வாழ்க்கையாகக் கொண்ட வீடு அது. அங்கேயும் எழுத்து போதவில்லை. சாகவும் இல்லை, மீளவும் இல்லை என்கிற நிலையில் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கடிதத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பதில் இருக்கவில்லை. நமது படிவங்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் ஊமையாகின்றன.

வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்லைடை மூடிவைத்துவிட்டு, "சியுங் யாவ் சொன்னது சரியா, பிள்ளைகள் சொன்னது சரியா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அடுத்தவர் வீட்டுச் சண்டை என்றால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். அரை மணிநேரத்தில் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன்னைப்பற்றித்தான் கதைத்துக்கொண்டிருப்பார். பெருநிலத்து ஆட்களிடம் எழுத்தாளர் பா ஜின்னைப்பற்றிக் கேளுங்கள். 1999 முதல் 2005இல் நூறாவது வயதில் இறக்கும்வரை ஷாங்காய் வைத்தியசாலையில் கிடந்தவர். கலிபோர்னியாவில் 2005 முதல் இயங்கிவரும் சீன-அமெரிக்கக் கூட்டமைப்பு ஒன்று இன்னும் எளிய வழி கண்டது. கடைசிக்காலம் பற்றிய விருப்பம் ஒவ்வொன்றையும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் சீட்டுக்கட்டில் அச்சடித்து, கூடியிருந்து எடுத்துக் கதைக்கச் செய்தது. யாரும் கையெழுத்து வைப்பதில்லை. சீட்டும் மாஜொங்கும் விளையாடிப் பழகிய கைகளுக்கு அது தோதாக இருக்கிறது.

பிள்ளைகளை அறைக்குள் கூப்பிடுங்கள். இதுதான் நான் அதிகம் வற்புறுத்துவது. தைவானில் 2019 ஜனவரி 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்த நோயாளர் தன்னுரிமைச் சட்டம், முன்கூட்டிய ஆலோசனையில் நெருங்கிய உறவினர் ஒருவராவது உட்காரவேண்டும் என்று பொதுவிதி வைத்திருக்கிறது. தனிமனித உரிமைக்காக எழுதிய சட்டத்திலேயே குடும்பத்துக்குக் கதிரை போட்டார்கள். நாமோ முதியவரைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, "இது உங்கள் உடம்பு, உங்கள் முடிவு" என்று அழுத்தி அழுத்திச் சொல்கிறோம். "இதெல்லாம் வெள்ளைக்காரர் யோசனை" என்று யாராவது சொன்னால் பதில் கைவசம் இருக்கிறது: முன்கூட்டிய விருப்பத்துக்கென்று சிங்கப்பூர் 1996இலேயே சட்டம் இயற்றிவிட்டது, ஷென்சென் நகரின் விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது, ஹொங்கொங்கில் 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறியது.

ஒரு குடும்பக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஐம்பது கடந்த மகன். மேசையில் அவருடைய தொலைபேசி, அதில் குவாங்சோவிலிருந்து அத்தை. வைத்தியர் எதைக் கேட்டாலும் "எல்லாம் செய்யுங்கள்" என்பதே மகனின் பதில். கூட்டம் முடிந்தபின், லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் என்னிடம் சொன்னார்: "நிறுத்துங்கள் என்று நான் சொன்னால், அம்மாவைக் கொன்றவன் என்று மாமன்மார் காலம் முழுக்கச் சொல்வார்கள்." அவர் அம்மாவின் வேதனையைக் காணாதவர் அல்லர். தினமும் வந்து அவருடைய காலைத் தடவிக்கொடுத்தவர். அம்மா ஒருதரம், அத்தையும் மாமன்மாரும் கேட்க, தன் வாயால் சொல்லியிருந்தால் மகனுக்கு அது கட்டளை. தாயின் கட்டளையை நிறைவேற்றிய மகனைக் குறைசொல்ல அந்தச் சமூகத்தில் ஆளில்லை.

எனவே கேள்வியை மாற்றுங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும் என்று தொடங்கவேண்டாம். "உங்களால் பேசமுடியாமல் போனால் நாங்கள் யாரிடம் கேட்கவேண்டும்? அந்தப் பிள்ளை தவிக்காமல் இருக்க இப்போது எதைச் சொல்லிவைக்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். தனக்காகக் கேட்டால் மௌனமாகிறவர் பிள்ளைக்காகக் கேட்டால் கதைப்பார். அவர் சொல்வது "கடைசிவரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும், பேரனின் கல்யாணம்வரை இருக்கவேண்டும்" என்பதாகவும் இருக்கலாம். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சையை மறுக்கவைப்பது நம் வேலையல்ல. படுக்கை காலியாவதற்காக நடத்துகிறார்கள் என்ற வாசம் துளி வந்தாலும் அந்த வகுப்புக்கு மறுமுறை யாரும் வரமாட்டார்கள்.

"அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்" என்று வாசலில் மறிக்கிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 2019இல் வந்த லுலு வாங்கின் 'தி ஃபேர்வெல்' படம் முழுக்க இதுதான்: சாங்சுன் நகரத்துப் பாட்டிக்குப் புற்றுநோய், குடும்பம் முழுவதும் சேர்ந்து மறைக்கிறது. பார்த்து நாம் அதிசயிக்க ஒன்றுமில்லை, தமிழ் வீடுகளிலும் அதே மறிப்புத்தான். திறனுள்ள நோயாளிக்கு எதிரே நின்று பொய் சொல்ல நமக்குச் சட்டம் இடம்தராது. அதற்காக அறைக்குள் புகுந்து நோயின் பெயரைத் தலையில் போட்டுடைக்கவும் தேவையில்லை. நோய் முற்றுமுன்பே கேட்டுவைக்கலாம்: "உங்கள் வருத்தத்தைப்பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? யாரோடு கதைக்கச் சொல்கிறீர்கள்?" "மகனிடம் சொல்லுங்கள்" என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய முடிவு. இதைக் கேட்கும்போது அந்த மகனையே உரைபெயர்ப்பாளராக்காதீர்கள். புற்றுநோய் அவர் வாயில் 'வீக்கம்' ஆகிவிடும், பாவம், அவரால் வேறென்ன செய்யமுடியும்? உரைபெயர்ப்புச் சேவைக்கு அழைக்கும்போது கன்ரனீஸா மன்டரினா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வகுப்புகளின் கண்ணிலேயே படாத ஒரு கூட்டமும் உண்டு. 2011 முடிவில் தொடங்கிய சூப்பர் விசாவில் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா, பாட்டிமார். இவர்களுக்கு ஓஹிப் என்ற மாகாணச் சுகாதாரக் காப்புறுதி இல்லை. ஒரு லட்சம் டொலர் தனியார் காப்புறுதியோடு வந்தவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அது எவ்வளவு வேகமாகக் கரையும் என்று உங்களுக்குத் தெரியும். சம்மதச் சட்டம் இவர்களுக்கும் அப்படியே பொருந்தும், பவர் ஒஃப் அற்றோர்ணியும் எழுதலாம். முதியோர் சங்கத்தில் இவர்களைத் தேடாதீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நிற்பார்கள்.

வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று: வீட்டிலேயே கண்மூட விரும்பி, சி.பி.ஆர். வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு, அம்புலன்ஸ் பணியாளர்கள் தேடுவது ஏழு இலக்கத் தொடரெண் உள்ள டி.என்.ஆர். உறுதிப்படுத்தும் படிவத்தை. அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். முக்கிய காகிதம் என்று வங்கிப் பெட்டகத்தில் பூட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 16 கனடாவில் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் நாள். சிங்மிங் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிராது. பிள்ளைகள் மயானத்துக்குப் போய்வந்த நினைவு வீட்டில் இன்னும் இருக்கும். வருகிற ஆண்டு அந்த நாளில் போஸ்டர் ஒட்டுவதோடு நின்றுவிடாமல், உங்கள் பிரிவிலுள்ள சீனமொழி நோயாளிகளின் குடும்பங்களை ஒருமணிநேரம் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த ஷிஃப்டில் உரைபெயர்ப்பாளரை அழைத்து ஒருவரிடமாவது, "உங்களுக்காக யார் பேசவேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும் உறவையும் தொலைபேசி எண்ணையும் அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் கோப்பில் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு சமூகப் பணியாளர்